ஏழாம் அத்தியாயம்: பாமசிக்காரர் கேட்காத கேள்விகள்

ஹெந்தளைச் சந்தியிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தை காலி வீதியிலோ ஒரு பாமசிக்குள் போய் "மித்துரி ஒன்று தாங்க" என்று கேட்டால் அரை நிமிடத்தில் அட்டை கைக்கு வந்துவிடும். வயது என்ன, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறீர்களா, பிரஷர் இருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். வாங்குகிறவருக்கும் அதுதான் வசதி. தெரிந்த மாமி யாராவது பின்னால் வந்து நிற்பதற்குள் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் போதும் என்றிருக்கும்.

மித்துரி போன்ற கூட்டு ஹோர்மோன் கருத்தடைக் குளிசை, ஆரோக்கியமான இளம் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான மருந்து. ஒரு சிலருக்கு மட்டும் அதைத் தரவே கூடாது. அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்க ஸ்கானும் வேண்டாம், ஆயிரக்கணக்கில் செலவழித்து இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். ஒரு பிரஷர் கருவியும் பத்து நிமிடப் பேச்சும் போதும். அந்தப் பத்து நிமிடம் பாமசியில் கிடைப்பதில்லை என்பதால்தான் இந்த அத்தியாயம் மற்றவற்றை விட நீளமாகிவிட்டது.

அட்டைக்குள் இருப்பது

இங்கே அதிகம் புழங்கும் அட்டையில் 28 குளிசைகள். அவற்றில் 21 மட்டுமே மருந்து. ஒவ்வொன்றிலும் எதினைல் எஸ்ரடயோல் 0.03 மில்லிகிராம், அதாவது 30 மைக்ரோகிராம், லெவோனோஜெஸ்ரல் 0.15 மில்லிகிராம். முன்னது ஈஸ்ரஜன் வகை, பின்னது புரஜெஸ்ரஜன் வகை. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் "கூட்டு" என்கிறோம். மிச்சம் ஏழும் வேறு நிறத்தில் இருக்கும் இரும்புச்சத்துக் குளிசைகள். அந்த ஏழு நாளில்தான் இரத்தப்போக்கு வரும். தமிழ்நாட்டில் கிடைக்கும் மாலா-டி, மாலா-என் அட்டைகளிலும் ஏறக்குறைய இதே சேர்க்கைதான். ஆனால் சென்னைக்குப் போய்வரும் உறவினர் "இதுவும் அதுதான்" என்று சஹேலி என்ற அட்டையைக் கொண்டுவந்தால் கவனம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆய்வு நிலையம் உருவாக்கிய அந்தக் குளிசையில் இந்த இரண்டு ஹோர்மோன்களும் இல்லை. அதைத் தினமும் போடுவதில்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு தடவை, பிறகு வாரம் ஒருதடவை. ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட்டால் இரண்டும் கைவிடும்.

குளிசை வேலைசெய்யும் விதம் எளிது. சூலகத்திலிருந்து முட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. கருப்பைக் கழுத்தில் உள்ள சளியைத் தடிப்பாக்கி விந்து உள்ளே நுழையாமல் செய்கிறது. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இது கலைக்காது. அதற்காக ஒன்றுக்குப் பத்தாக விழுங்குகிறவர்களுக்குச் சத்தி வருவதுதான் மிச்சம்.

"எங்கட காலத்தில் அதைப் போட்டுத் தலை சுத்தி விழுந்தோம்" என்று பெரியம்மா சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி பெற்ற முதல் குளிசையான எனோவிட்டில் ஈஸ்ரஜன் வகை 150 மைக்ரோகிராமும் புரஜெஸ்ரஜன் வகை பத்து மில்லிகிராமளவும் இருந்தன. அதற்கு முன் 1956இல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் அதைப் பரீட்சித்தார்கள். இது சோதனை என்று அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. தலைச்சுற்று, சத்தி என்று அவர்கள் முறையிட்டதை மனப்பிரமை என்று ஒதுக்கினார்கள். இரத்தக்கட்டிகளைப் பற்றிய கேள்விகள் வலுத்து, 1970இல் அமெரிக்க செனட் சபை விசாரணை நடத்திய பிறகுதான் பெட்டிக்குள் எச்சரிக்கைத் துண்டு வைக்கும் விதி வந்தது. இன்று நாம் அட்டையோடு சேர்த்துக் குப்பையில் போடும் அந்த மடித்த கடதாசிக்குப் பின்னால் அந்தப் பெண்களின் உடம்பு இருக்கிறது. வாசித்துவிட்டுப் போடுங்கள்.

முதல் குளிசைக்கு முன்

உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் நோய்களை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் இரண்டு வகை என்றால் பயன்படுத்தலாம். மூன்று என்றால் வேறு வழி இல்லாதபோது டொக்டரின் கண்காணிப்பில். நான்கு என்றால் வேண்டவே வேண்டாம். அந்தப் பட்டியல் முழுவதையும் இங்கே கொட்டப் போவதில்லை. நமது பெண்களுக்கு அடிக்கடி இடறுகின்ற இடங்களில் மட்டும் நிற்போம்.

முதலில் பிரஷர். மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 100ஐத் தொட்டால் இந்தக் குளிசை கூடாது. 140க்கும் 90க்கும் மேலே என்றாலும் வேறு முறையைத் தேடுவதே புத்தி. இருபத்தெட்டு வயதில் தனக்குப் பிரஷர் இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. அதைக் காட்டிக்கொடுக்கும் வலியோ மயக்கமோ பெரும்பாலும் வராது. எனவே அளந்து பார்க்காமல் முதல் அட்டையை உடைக்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தபோது பிரஷர் கூடியவர்கள் அதைச் சொல்லியே ஆகவேண்டும். குளிசையே சிலருக்குப் பிரஷரை மெல்ல ஏற்றும் என்பதால் தொடங்கி மூன்று மாதத்தில் ஒருதடவை, பிறகு வருடத்துக்கு ஒருதடவையாவது அளக்கவேண்டும்.

அடுத்தது தலைவலி. இதில்தான் பிழை அதிகம் நடக்கிறது, ஏனென்றால் தலைவலியை நம் வீடுகளில் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. சித்தாலேப தடவி, ஒரு பனடோல் போட்டுச் சமையலுக்குப் போய்விடுகிறோம். சாதாரணத் தலைவலி தடையல்ல. ஒற்றைத் தலைவலியான மைக்ரேன் வந்தால், அது எப்படித் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். வலி வருமுன் கண்ணுக்குள் வளைந்து நெளிந்த வெளிச்சக் கோடு மின்னுமா? பார்வையில் ஒரு பக்கம் மறையுமா? ஒரு கையோ உதட்டின் ஓரமோ மரத்துப் போகுமா? பேச்சு கொஞ்ச நேரம் குழறுமா? இவை ஐந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடித்து, அதன் பின் வலி வரும். இதில் ஏதாவது உண்டென்றால் எந்த வயதிலும் இந்தக் குளிசை உங்களுக்கில்லை. அவ்வகை மைக்ரேனோடு ஈஸ்ரஜனும் சேரும்போது பாரிசவாதம் வரும் வாய்ப்புக் கூடுகிறது. முன்னறிகுறி எதுவும் இல்லாத மைக்ரேன் என்றால் 35 வயதுக்குக் கீழே யோசிக்கலாம். 35க்கு மேலே தொடங்குவது நல்லதல்ல.

மூன்றாவது இரத்தக்கட்டி. காலிலோ நுரையீரலிலோ முன்பு கட்டி உண்டாகி, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தவர்கள் தொடவேண்டாம். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ அப்படி வந்திருந்தால் அது தானாகவே தடையாகிவிடாது. ஆனால் டொக்டருக்குத் தெரியவேண்டும். "பெரியக்காவுக்குப் பிள்ளை பிறந்த பிறகு கால் வீங்கி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்" என்ற அரைகுறை ஞாபகம்கூடச் சொல்லத் தகுந்ததுதான்.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. பிரசவத்துக்குப் பிந்திய முதல் ஆறு வாரத்தில் பெண்ணின் இரத்தம் மிக எளிதாக உறையும். பால் கொடுக்கிற தாய் அந்த ஆறு வாரம் இதைத் தொடக்கூடாது. ஆறு மாதம் வரை வேறு முறையே நல்லது. ஊசி, கையில் வைக்கும் ஜடெல், லூப், ஆணுறை எல்லாம் அதற்கு இருக்கின்றன. பால் கொடுக்காதவர்கூட முதல் 21 நாளுக்குத் தொடங்கக் கூடாது. சிசேரியன் செய்தவர், உடம்பு பெருத்தவர், பிரசவத்தில் இரத்தம் அதிகம் போனவர் ஆறு வாரமும் பொறுக்கவேண்டும்.

சிகரெட் பிடிக்கிற பெண் 35ஐத் தாண்டிவிட்டால் இந்தக் குளிசையை மறந்துவிட வேண்டியதுதான். நம்மவர்களில் அப்படிப்பட்டவர் குறைவு என்று சொல்லிக் கடந்துபோகலாம். கொழும்பு அலுவலகங்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ஈரல் நோய் முற்றியவர்கள், வாதக்காய்ச்சலால் இதய வால்வு கெட்டு அதனால் சிக்கல் வந்தவர்கள், நீரிழிவு கண்ணையோ சிறுநீரகத்தையோ தாக்கியவர்கள், லூப்பஸ் நோயுள்ளவர்கள் யாரும் பாமசியில் நேரே வாங்கக் கூடாது. செங்கமாரி வந்து மாறாமல் இருக்கும்போதும் தொடங்கவேண்டாம். இரத்தசோகையோ தலசீமியாவோ தடையல்ல. மாதாமாதம் போகும் இரத்தம் குறைவதால் இரத்தசோகைக்கு இது உதவியும் செய்யும்.

கூடப் போகும் மருந்துகள்

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டி, குளிசையின் ஹோர்மோனை வேகமாக உடைத்துவிடும். ஒருநாளும் தவறாமல் குளிசை போட்டும் பிள்ளை தங்கும். மார்பு நோய் கிளினிக்கில் மருந்து எடுக்கும் ஆறு மாதமும், அது முடிந்து இன்னும் நான்கு வாரமும் வேறு முறைதான். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பீன், பெனிற்றோயின், பெனோபார்பிற்றோன், டொப்பிரமேற் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. லமோட்ரிஜின் விஷயம் தலைகீழ். அங்கே குளிசைதான் மருந்தின் அளவை இரத்தத்தில் குறைக்கிறது. அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வரலாம். வலிப்பு நோயை வீட்டுக்கு வெளியே சொல்லாமல் மறைப்பது நம்மிடம் வழக்கம், கலியாணத்துக்குப் பிறகு கணவர் வீட்டிடமே மறைக்கிறவர்கள் உண்டு. யாரிடம் மறைத்தாலும் குளிசை தருகிறவரிடம் மறைக்கக் கூடாது.

அமொக்சிசிலின் போன்ற சாதாரண அன்ரிபயோற்றிக் எடுத்தால் குளிசை வேலைசெய்யாது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. அவற்றால் வயிற்றோட்டமோ சத்தியோ வந்தால் அதற்கான விதி பிறகு வருகிறது.

எங்கே போவது

ஹெந்தளையில் இருப்பவருக்கு முதல் வாசல் மருத்துவ மாது, நாம் "மிட்வைஃப் மிஸ்" என்று கூப்பிடுகிறவர். அவர் வத்தளை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தைச் சேர்ந்தவர். கர்ப்பிணிகளையும் பச்சைப் பிள்ளைகளையும் பார்க்கத்தான் அவர் வீடு வீடாக வருகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பத் திட்டமிடலும் அவருடைய வேலைதான். அரசாங்கக் கிளினிக்கில் உங்கள் பிரஷரும் நிறையும் அளந்து, கேட்கவேண்டியதைக் கேட்டு, குளிசையைக் காசில்லாமல் தருவார்கள்.

மொழி ஒரு சிக்கல்தான். சிங்களம் நன்றாக வராதவர்கள் கிளினிக்கில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் மாமியாரையோ பத்து வயது மகளையோ அல்ல. அவர்கள் பக்கத்தில் இருந்தால் பாதி உண்மைதான் வாயில் வரும். கணவர் தமிழும் சிங்களமும் பேசுகிறவரானால் அவரே வரட்டும். விஷயம் அவருக்கும் சேர்த்துத்தானே. ஊரில் தெரிந்தவர் கண்ணில் படாமல் போகவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குக் கொழும்பு 7 புல்லர்ஸ் லேனில் குடும்பத் திட்டமிடல் சங்கம் இருக்கிறது. 1953இல் தொடங்கியது. மித்துரியைக் கடைகளுக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சங்கம்தான்.

இந்த இடத்தில் பழைய கணக்கொன்றையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர்களில் டொக்டர் மேரி இரத்தினம் முக்கியமானவர். கனடாவில் பிறந்து, தமிழரை மணந்து, கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1958இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. அதே வருடம்தான் சுவீடன் உதவியோடு குடும்பத் திட்டமிடல் முன்னோடித் திட்டம் ஆரம்பமாகிறது. அதற்குத் தேர்ந்த இடங்களில் ஒன்று பண்டாரகம, மற்றது மலையகத்தின் டயகம தோட்டம். தோட்டத்தில் பிறகு வந்த காலங்களில் கருத்தடை என்றாலே நிரந்தர ஒப்பரேஷன், அதற்குக் கையில் காசு என்றாகி, "எங்கட சனத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள்" என்ற சந்தேகமும் வளர்ந்தது. ஹெந்தளையிலும் வத்தளையிலும் குடியேறியவர்களில் மலையகக் குடும்பங்கள் நிறைய; அந்தச் சந்தேகமும் கூடவே வந்திருக்கிறது. அதைக் காரணமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குளிசையின் சாவி உங்கள் கையில் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் நிறுத்தலாம், யாரிடமும் கையெழுத்துக் கேட்கவேண்டியதில்லை.

இரத்தக்கட்டி: எவ்வளவு பயப்பட வேண்டும்?

குளிசை போடாத, கர்ப்பமும் இல்லாத பத்தாயிரம் பெண்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 பேருக்கு இரத்தக்கட்டி வரும். லெவோனோஜெஸ்ரல் உள்ள குளிசை போடுகிற பத்தாயிரம் பேரில் 5 முதல் 7 பேருக்கு. டெசொஜெஸ்ரல், ஜெஸ்ரொடீன், ட்ரொஸ்பிரெனோன் கலந்தவற்றில் 9 முதல் 12 பேருக்கு. ஐரோப்பிய மருந்து முகவரகம் 2013இல் பரிசீலித்து வெளியிட்ட கணக்கு இது. கர்ப்பத்திலும் பிரசவத்தை அடுத்த வாரங்களிலும் இந்த ஆபத்து இவை எல்லாவற்றையும் விட அதிகம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு: வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் பழைய, மலிவான லெவோனோஜெஸ்ரல் அட்டையே போதும். விலை கூடிய புது அட்டை என்றால் பாதுகாப்பும் கூட என்று நினைப்பது இந்த மருந்தில் சரிவராது. முகப்பருவுக்கும் பி.சி.ஓ.எஸ்.ஸுக்கும் எழுதிக் கொடுக்கும் டயான்-35இலும் சைப்புரோட்டரோன் இருப்பதால் கட்டிக்கான வாய்ப்பு லெவோனோஜெஸ்ரல் வகையை விடக் கூட. கலியாணமாகாத மகளுக்குத் தோல் டொக்டர் எழுதிக் கொடுத்தால் அதையும் ஹோர்மோன் குளிசையாகவே எண்ணி, மேலே சொன்ன பிரஷர், தலைவலிக் கேள்விகளை அவளிடமும் கேளுங்கள்.

செய்தியைப் பார்த்துப் பயந்து நடுவில் எறிவதும் நல்லதல்ல. 1995 ஒக்ரோபரில் பிரித்தானியாவில் புதுவகைக் குளிசைகளைப் பற்றி அவசர எச்சரிக்கை வந்தபோது ஏராளமான பெண்கள் அன்றே நிறுத்தினார்கள். அடுத்த வருடம் அங்கே கருக்கலைப்புகள் கூடின. நம் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. இங்கே அப்படி எறிவதன் விலை இன்னும் பெரிது. மாற்றவேண்டுமானால் அடுத்த முறையைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

தினமும் ஒன்று

மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாளுக்குள் முதல் குளிசையைப் போட்டால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. வேறொரு நாளில் தொடங்கினால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதல் ஏழு நாளும் ஆணுறையைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது நல்லது. குமட்டல் வந்தாலும் தூக்கத்தில் கழியும். முதல் மூன்று மாதம் இடையிடையே இரத்தம் படுவது வழக்கம். அதற்காக நிறுத்தினால் இன்னும் கூடும்.

மறக்காமல் போடுகிறவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் பிள்ளை தங்கும். சாதாரணமாக, மறந்தும் மறக்காமலும் போடுகிறவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் இருப்பது மறதி மட்டுமே. எனவே மறந்தால் என்ன செய்வது என்பதை அட்டை வாங்கிய அன்றே தெரிந்துகொள்ளவேண்டும்.

ஒரு ஹோர்மோன் குளிசை தவறினால், ஞாபகம் வந்தவுடன் அதைப் போட்டுவிட்டு அன்றைய குளிசையை அன்றைய நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போட்டாலும் பாதகமில்லை, வேறு ஏற்பாடும் தேவையில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால், ஞாபகம் வந்ததும் ஒன்றைப் போட்டு, வழக்கம்போலத் தொடர்ந்து, ஏழு குளிசை விடாமல் போட்டு முடியும்வரை ஆணுறை. தவறியது அட்டையின் முதல் வாரமாக இருந்து, அந்த நாட்களில் உறவும் நடந்திருந்தால் அவசரக் குளிசையைப் பற்றி யோசிக்கவேண்டும். தவறியது மூன்றாம் வாரம் என்றால் மிச்சமுள்ள ஹோர்மோன் குளிசைகளை முடித்துவிட்டு, இரும்புக் குளிசை ஏழையும் விட்டு, அடுத்த நாளே புது அட்டையை உடைக்கவேண்டும். பலருக்கும் தெரியாத விதி இது. ஹோர்மோன் இல்லாத ஏழு நாளை நீட்டிவிடுவதுதான் முட்டை வெளிவர வழி விடுகிறது. புது அட்டையை இரண்டு மூன்று நாள் பிந்தி உடைப்பதும் அதே பிழைதான். இரும்புக் குளிசை தவறினால் எறிந்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள், ஒன்றும் ஆகாது.

குளிசை போட்டு மூன்று மணி நேரத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொன்று போடவேண்டும். கடும் சத்தியோ வயிற்றோட்டமோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், அந்த நாட்களைத் தவறிய நாட்களாகவே கணக்கெடுங்கள்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வழக்கமான அட்டை கிடைக்காமல் பலர் அலைந்தார்கள். அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது, வீட்டில் எப்போதும் ஒரு அட்டை கூடுதலாக இருக்கட்டும். வெயில் படாத அலுமாரியில், காலாவதித் திகதியைப் பார்த்து. வேறு பெயரில் அட்டை தந்தால் பெயரை விடுங்கள், பின்பக்கத்தில் இரண்டு மருந்தும் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

திருவிழாவுக்குத் தள்ளிப்போடுவது

கருத்தடைக்காக ஒருநாளும் குளிசை வாங்காத பெண்களும் பாமசியில் இதைக் கேட்டு வருகிறார்கள். ஆடிவேல், நல்லூர்த் தேர், கதிர்காமம், வீட்டில் கலியாணம், புதுவீட்டுப் பால்காய்ச்சு என்று ஒரு நாள் குறித்திருக்கும். மாதவிடாயும் அதே நாளில் வந்து நிற்கும். மடுவுக்கோ தலவிலவுக்கோ போகும் கத்தோலிக்கப் பெண்கள்கூட பஸ் பயணத்தையும் கழிப்பறையையும் நினைத்துக் கேட்கிறார்கள். கோயிலுக்கு இந்த விலக்குத் தேவைதானா என்று கேட்கும் வாசகியோடு எனக்கு வாதம் இல்லை. தேவை என்று நினைக்கிறவரோடும் இல்லை. நம் விஷயம் குளிசை.

இதற்குத் தருவது பெரும்பாலும் நோரெதிஸ்ரரோன் 5 மில்லிகிராம். பிரிமொலுட்-என் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரியும். மாதவிடாய் வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும். இரண்டு விஷயம் மட்டும் சொல்லாமல் விடுகிறார்கள். முதலாவது, இப்படி எடுக்கும்போது இது கருத்தடை அல்ல. இரண்டாவது, இந்த அளவில் எடுக்கும் நோரெதிஸ்ரரோனில் ஒரு பகுதி உடம்புக்குள் எதினைல் எஸ்ரடயோலாக மாறுகிறது. எனவே கூட்டுக் குளிசை கூடாதவர்கள், முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், முன்னறிகுறியோடு மைக்ரேன் வருகிறவர்கள், "மூன்று நாளைக்குத்தானே" என்று இதையும் வாங்கக் கூடாது. மகளுக்கு வேண்டும் என்று தாயும், அண்ணிக்கு என்று நாத்தனாரும் வாங்கிக் கொடுக்கிற மருந்து இது. அதனாலேயே சாப்பிடப்போகிறவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

ஏற்கெனவே கூட்டுக் குளிசை போடுகிறவருக்குப் பிரிமொலுட் தேவையே இல்லை. 21 ஹோர்மோன் குளிசை முடிந்ததும் இரும்புக் குளிசைகளை விட்டு நேரே அடுத்த அட்டைக்குப் போனால் இரத்தப்போக்கு அந்த மாதம் வராது. அப்படித் தொடர்ந்து இரண்டு மூன்று அட்டை போட்டாலும் "கெட்ட இரத்தம்" உள்ளே தேங்காது. தேங்க அங்கே ஒன்றும் சேர்வதில்லை. குளிசை கருப்பையின் உட்சுவரை மெல்லியதாகவே வைத்திருக்கிறது. இடையில் கொஞ்சம் இரத்தம் படலாம். ஆகவே தேருக்காக முதன்முதலாகச் செய்துபார்ப்பதை விட, அதற்கு முந்திய மாதங்களில் ஒருதடவை செய்துபார்த்திருப்பது நல்லது.

கத்தோலிக்க வாசகிகளுக்கு ஒரு குறிப்பு. பாப்பரசர் ஆறாம் பவுல் 1968 யூலையில் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. ஆனால் நோயைக் குணப்படுத்தத் தேவையான மருந்தை, அது கருத்தரிப்பைத் தடுத்தாலும், அதே மடல் விலக்கவில்லை. அளவுக்கு மீறிய இரத்தப்போக்குக்கு டொக்டர் எழுதிய குளிசையைப் பயந்து பெட்டிக்குள் பூட்டிவைத்திருப்பவர்கள் அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

அவசரக் குளிசை

போஸ்ரினோர் போன்றவற்றில் இருப்பதும் லெவோனோஜெஸ்ரல்தான், ஆனால் 1.5 மில்லிகிராம், தினசரிக் குளிசையைப் போலப் பத்து மடங்கு. 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம். போட்டது அந்த ஒரு சம்பவத்துக்கு மட்டும். அடுத்த நாள் உறவுக்கு அது காவல் இல்லை. மாதத்துக்கு மூன்று தடவை இதை வாங்குகிறவருக்கு வேண்டியது ஒழுங்கான ஒரு முறை. தினசரிக் குளிசை தவறியதால் இதைப் போட்டவர், உடனே தன் அட்டையைத் தொடர்ந்து, ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்தவேண்டும். பால்வினை நோய்களுக்கு எந்தக் குளிசையும் தடுப்பல்ல. அதற்கு ஆணுறை மட்டும்தான்.

உடனே போகவேண்டிய அறிகுறிகள்

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக நோவது. திடீரென்று நெஞ்சு குத்தி மூச்சு முட்டுவது, இருமலில் இரத்தம் வருவது. இதுவரை அனுபவிக்காத கடும் தலைவலி. ஒரு கண் மங்குவது, கை கால் ஒரு பக்கம் சோர்வது, பேச்சுக் குழறுவது. தாங்க முடியாத வயிற்றுவலி, கண் மஞ்சளாவது. இவற்றில் எது வந்தாலும் குளிசையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு, மூச்சு, பேச்சு, கை கால் சோர்வு என்றால் ஓட்டோ தேடவேண்டாம். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஹெந்தளையிலிருந்து ராகமை போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ கொண்டுபோகலாம். கெண்டைக்கால் நோவுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுவது நம் கைப்பழக்கம். குளிசை போடுகிறவரின் வீங்கிய காலை உருவவே கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வாக்கியத்திலேயே "நான் கருத்தடைக் குளிசை போடுகிறேன்" என்று சொல்லுங்கள், மாமனார் பக்கத்தில் நின்றாலும்.

பெரிய ஒப்பரேஷன் செய்து படுக்கவேண்டி வந்தால் நான்கு வாரம் முன்பே குளிசையை நிறுத்தி வேறு முறைக்கு மாறவேண்டும். லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் பறக்கிறவர்கள் நிறுத்தத் தேவையில்லை. இடையிடையே எழுந்து நடந்து, தண்ணீர் குடித்தால் சரி. நேர வித்தியாசத்தில் குழம்பாமலிருக்க, இரண்டு குளிசைக்கு நடுவே 24 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோயும் மலடும்

சூலகப் புற்றுநோயையும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயையும் இந்தக் குளிசை குறைக்கிறது. அந்தப் பயன் நிறுத்திய பிறகும் பல வருடம் நிற்கும். மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு, போடும் காலத்தில் சிறிது கூடி, நிறுத்திய பின் வருடங்களோடு இறங்கிவிடும். ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்கிறவருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கொஞ்சம் கூட. அதனால் 35 வயதிலும் 45 வயதிலும் சுவநாரி கிளினிக்குக்குக் கூப்பிடும்போது சாக்குச் சொல்லாமல் போங்கள். 40 கடந்த பிறகு தொடர்வதா என்று டொக்டரோடு திரும்பப் பேசவேண்டும். 50க்குப் பிறகு வேண்டாம்.

மலடாக்கும் என்ற பயம்தான் புதுமணப் பெண்களை அதிகம் வாட்டுகிறது. நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் வல்லமை விரைவில் திரும்பிவிடுகிறது, பலருக்கு முதல் மாதத்திலேயே. உடம்பிலிருந்து "கழிந்து போக" என்று மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்தால் கையில் உள்ள அட்டையை முடித்துவிட்டு, நிறுத்துமுன்பே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். போலிக் அசிட் குளிசையை அவர் தருவார். கரு தங்குவதற்கு முன்பிருந்தே அதைப் போடத் தொடங்கவேண்டும். ருபெல்லா ஊசி போட்டதா என்று பார்க்க உங்கள் பழைய தடுப்பூசி அட்டையையும் அன்றைக்குக் கொண்டுபோங்கள்.